472 ஸ்டேஷன்... ஒரே நாள்... ஒரு பெண்!

விடிந்தால் அடைந்தால் நமக்கு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடப்பதே சரியாயிருக்கிறது. நியூயார்க்கில் சிலர், எங்கேயும் போக வேண்டிய வேலையில்லாமலே, நாள் முழுக்க ரயிலில் சுற்றுகிறார்கள்! ஒரு ஸ்டேஷன் விடாமல் அத்தனையையும் தொட்டுவிட வேண்டும் என்பது பந்தயம்.

அந்த ஊர் சுரங்க ரயில் 1904 அக்டோபர் 27-ந் தேதி 28 ஸ்டேஷன்களோடு ஆரம்பித்தது. கட்டணம் ஐந்து சென்ட். 1948 வரை அதே ஐந்து சென்ட்தான்! (அரிசி விலை அப்படி நின்றிருக்கக் கூடாதா?) இப்போது 472 ஸ்டேஷன்கள். ராத்திரியும் வண்டி உண்டு. ஒரு தடவை காசு கட்டி உள்ளே நுழைந்தால், வெளியே வராதவரை எவ்வளவு தூரமும் போகலாம். 'ஏ' ரயில் மட்டுமே ஃபார் ராக்கவே வரை சுமார் 50 கிலோ மீட்டர் ஓடுகிறது.

சும்மா விடுவார்களா? 1966-ல் பீட்டர் சாம்சன் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் இதற்கென்று விதிகளே எழுதினார். மறு வருஷம், எந்த வண்டியில் மாறுவது என்று கம்ப்யூட்டரையே கேட்டுக்கொண்டு அவரது கோஷ்டி கிளம்பியது. நடுவழியில் பொது டெலிபோனுக்கு ஓடி, "இங்கே இருக்கிறோம்" என்று சொல்ல ஆட்கள் வேறு! அப்படியும் 25 மணி 50 நிமிஷம் ஆயிற்று.

கின்னஸ் விதி கொஞ்சம் தாராளம். ஒரு தடத்தின் கோடியில் இறங்கி, இன்னொரு தடத்துக்கு ஓடலாம், பஸ்ஸிலும் போகலாம். காரும் டாக்ஸியும் கூடாது. 2016-ல் மாத்யூ ஆன் என்பவர் 469 ஸ்டேஷன்களை 21 மணி 28 நிமிஷத்தில் முடித்தார். 2017 ஜனவரி முதல் தேதி புதிதாக மூன்று ஸ்டேஷன்கள் திறந்தார்களோ இல்லையோ, கணக்கே மாறிவிட்டது. 2023-ல் கேட் ஜோன்ஸ் என்ற பெண்மணி 472-ஐயும் 22 மணி 14 நிமிஷத்தில் சுற்றி வந்தார். அடேயப்பா!

வரைபடத்தை உருப்போட்டால் வழி தெரிந்துவிடும். சங்கடம் உடம்போடுதான். நடுநிசியில் வண்டிகள் இருபது நிமிஷத்துக்கு ஒன்று. கண் அசந்து ஒன்றை விட்டால் போச்சு. அதைவிடப் பெரிய பிரச்னை, ஆமாம், நீங்கள் நினைப்பதேதான்! கழிவறை உள்ள ஸ்டேஷன்கள் கொஞ்சம். ராத்திரியில் அவையும் பெரும்பாலும் பூட்டு. அதற்காக இறங்கினால் வண்டி போய்விடும்.

"தண்ணியே குடிக்காம போயிட்டா?" என்பீர்கள். ஊருக்குப் போகிற நாளில் நாம் செய்கிற காரியம்தானே அது! கல்யாணத்துக்குப் பஸ் ஏறும்போது காலையிலிருந்தே சொம்பைத் தொடாதவர்கள் எத்தனை பேர்! வேண்டாம், அம்மா. தண்ணீர் குறைந்தால் தலைவலியும் மயக்கமும் வரும். கூடவே அடக்கியும் வைத்தால் நீர்க்கடுப்பு வர அதிக நேரம் ஆகாது. வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள். பஸ் நிற்கிற இடத்தில் கூச்சப்படாமல் இறங்கிப் போய் வாருங்கள். காலைத் தொங்கப் போட்டபடியே இருந்தால் பாதம் வீங்கும். மணிக்கொரு தரம் எழுந்து நில்லுங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழுமாகப் பத்துப் பதினைந்து தடவை அசையுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.