4 சதவிகிதமா, 8 சதவிகிதமா? லேபிளில் ஒளிந்திருக்கும் 'இடக்கை, வலக்கை' கணக்கு!

திராட்சையில் அடிச்சாம்பல் நோய்க்கும், உருளைக்கிழங்கில் பின்பருவக் கருகல் நோய்க்கும் மருந்து வாங்கப் போகும் விவசாயிகள், கடையில் இரண்டு வகைப் பாக்கெட்டுகளைப் பார்க்கலாம். ஒன்றில் 'மெட்டலாக்சில் 8 சதவிகிதம் + மேங்கோசெப் 64 சதவிகிதம்' என்று அச்சிடப்பட்டிருக்கும். மற்றொன்றில் 'மெட்டலாக்சில்-எம் 4 சதவிகிதம் + மேங்கோசெப் 64 சதவிகிதம்' என்று இருக்கும்.

'4 சதவிகிதம்தானே, வீரியம் பாதிதான் இருக்கும்' என்று நினைத்து, இரண்டாவது மருந்தை இரட்டிப்பு அளவில் கலப்பவர்கள் உண்டு. இது வீண் செலவு மட்டுமல்ல. மேங்கோசெப்பும் சேர்ந்து இரட்டிப்பாகிவிடும். விளைபொருளில் எஞ்சும் நஞ்சும் கூடும். உண்மையில் அந்த 4 சதவிகிதம், இந்த 8 சதவிகிதம் செய்யும் வேலையையே செய்கிறது. எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மருந்து மட்டுமல்ல, கோழித்தீவனம், இலைவழித் தெளிப்புகளையும் விவரம் தெரிந்து வாங்கலாம்.

செருப்பு சொல்லும் பாடம்

ஒரு ஜோடி செருப்பில் தோல், எடை, அளவு எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் இடது செருப்பு வலது காலுக்குப் பொருந்தாது. ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அந்த மூலக்கூறும் இப்படி இரண்டு வடிவங்களில் அமைய முடியும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். பெரும்பாலான அமினோ அமிலங்கள் இந்த வகைதான். இடக்கை வடிவத்தை 'எல்' என்றும், வலக்கை வடிவத்தை 'டி' என்றும், இரண்டும் சரிபாதி கலந்ததை 'டி.எல்.' என்றும் குறிப்பிடுகிறார்கள்.

இதை முதலில் கண்ணால் பார்த்துப் பிரித்தவர் பிரான்ஸ் நாட்டின் லூயி பாஸ்டர். 1848-ல், டார்டாரிக் அமிலத்தின் உப்புப் படிகங்களில் இரண்டு வடிவங்கள் இருப்பதைக் கண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். நம் வீட்டுப் புளிக்குப் புளிப்பைத் தருவதும் இதே டார்டாரிக் அமிலம்தான்.

மெட்டலாக்சிலின் உடலமைப்பு அலனின் என்ற அமினோ அமிலத்தின் சாயலில் அமைந்தது. சாதாரண மெட்டலாக்சிலில் இரண்டு கைகளும் பாதிப்பாதி. நோய்க் கிருமியைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் வலக்கை வடிவம்தான். அதை மட்டும் பிரதானமாக வைத்துத் தயாரித்ததுதான் 'மெட்டலாக்சில்-எம்'. அதனால்தான் பாதி அளவே போதுமானதாக இருக்கிறது.

இலைக்குள் நடக்கும் கைமாற்று

வயலுக்குப் போடும் யூரியா மண்ணில் அம்மோனியாவாக மாறுகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரேட்டாக மாறிப் பயிருக்குள் போனாலும், உள்ளே மறுபடியும் அம்மோனியாவாகிறது. அதைப் பயிர் முதலில் குளூட்டமின், குளூட்டமேட் என்ற அமினோ அமிலங்களில் சேமிக்கிறது. பிறகு குளூட்டமேட், தன்னிடமுள்ள நைட்ரஜன் தொகுதியைக் கீட்டோ அமிலங்களுக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறது. வாங்கிய கீட்டோ அமிலம், அமினோ அமிலமாகிறது. கொடுத்த குளூட்டமேட், கீட்டோ அமிலமாகிறது. சர்க்கரை உடைந்து வரும் பைருவிக் அமிலம் அலனினாக மாறுவது இப்படித்தான்.

இந்தக் கைமாற்றை நடத்தித் தரும் நொதிகளுக்கு டிரான்ஸ்அமினேஸ் என்று பெயர். 1937-ல் சோவியத் நாட்டின் பிரவுன்ஸ்டைன், கிரிட்ஸ்மன் என்ற இரு விஞ்ஞானிகள் இந்த வினையை வெளிப்படுத்தினார்கள். கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் இதே வகை நொதிகள்தான்.

கீட்டோ அமிலத்தின் அந்த இடத்தில் இடக்கை, வலக்கை என்ற பேதம் கிடையாது, அது தட்டையானது. பயிரின் நொதி ஒரே பக்கத்திலிருந்து நைட்ரஜனை ஒட்டுவதால், விளைவது இடக்கை அமினோ அமிலம் மட்டுமே.

கோழி செய்யும் வேதியியல்

மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின். அதற்காகச் சேர்க்கும் 'டி.எல். மெத்தியோனின்' தூளில் பாதி வலக்கை வடிவம். அது வீணாகிறதா? இல்லை. கோழியின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள ஒரு நொதி, வலக்கை மெத்தியோனினைக் கீட்டோ அமிலமாக மாற்றுகிறது. பிறகு டிரான்ஸ்அமினேஸ் அதை இடக்கையாகத் திருப்பிக் கட்டுகிறது.

லைசினுக்கு இந்த வித்தை பலிக்காது. கோழியின் உடலில் லைசின் இப்படிக் கைமாற்றில் உருவாவதில்லை. எனவே, 'எல்-லைசின்' மட்டுமே பயன்படும். கரும்பாலை மொலாசஸ் போன்ற சர்க்கரைப் பொருளில் பாக்டீரியாவை வளர்த்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். கடையில் கிடைக்கும் எல்-லைசின் ஹைட்ரோகுளோரைடு ஒரு கிலோவில், சுமார் 780 கிராம் மட்டுமே லைசின் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தொழிற்சாலை கற்ற பாடம்

குளுஃபோசினேட் களைக்கொல்லியின் மூலக்கூறு, மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரிகளிடமிருந்து 1970-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. பயிர் அம்மோனியாவைச் சேமிக்க உதவும் நொதியை இது முடக்குகிறது, களை கருகுகிறது. நுண்ணுயிரி தயாரிப்பது இடக்கை வடிவம் மட்டும். தொழிற்சாலையில் வழக்கமான முறையில் தயாரித்தால் இரண்டும் பாதிப்பாதி வரும். வலக்கைப் பாதி களையைக் கொல்லாது; ஆனாலும் வயலில் விழும்.

இதற்குத் தீர்வாக, கோழியின் உடலில் நடக்கும் அதே இரண்டு படிகளைத் தொழிற்சாலையில் நடத்துகிறார்கள். ஒரு நொதி, வலக்கைப் பாதியைக் கீட்டோ அமிலமாக்குகிறது. டிரான்ஸ்அமினேஸ் அதை இடக்கையாக மாற்றுகிறது. இப்படி 'எல்' வடிவத்தை மட்டும் தயாரித்தால், குறைந்த அளவு மருந்திலேயே களை கட்டுப்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* சதவிகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெயருக்கு முன்னும் பின்னும் 'எல்', 'டி.எல்.', 'எம்' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லா மருந்திலும் இடக்கைதான் சிறந்தது என்றில்லை. மெட்டலாக்சிலில் வலக்கைதான் வேலை செய்கிறது.

* பழைய மருந்தின் அளவைப் புதிய மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தந்த லேபிளில் உள்ள பயிர், அளவு, அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாட்கள் ஆகியவற்றையே பின்பற்றுங்கள்.

* மெட்டலாக்சில், மெட்டலாக்சில்-எம் இரண்டும் ஒரே குழு மருந்துகள். இதை அடித்துவிட்டு அடுத்ததாக அதை அடிப்பது மாற்று மருந்து ஆகாது. நோய்க் கிருமிகள் இந்தக் குழுவுக்கு எளிதில் எதிர்ப்புத்திறன் பெறுபவை. வேறு குழு மருந்தைச் சுழற்சி முறையில் பயன்படுத்துங்கள்.

* மெத்தியோனின் அளவுக்கு மிஞ்சினால் கோழியின் வளர்ச்சியே குறையும். கையளவில் அள்ளிப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். எள்ளுப் புண்ணாக்கில் மெத்தியோனின் அதிகம், லைசின் குறைவு. சோயாவில் லைசின் அதிகம், மெத்தியோனின் குறைவு. இரண்டையும் கலந்தால் தூளின் தேவை குறையும். மேயும் நாட்டுக்கோழிக்குக் கறையானும் புழு, பூச்சியும் நல்ல புரதம்.

* அமினோ அமிலத் தெளிப்பு வாங்கினால், புரதத்தை எந்த முறையில் உடைத்தார்கள் என்று கேளுங்கள். காரம் சேர்த்துக் கொதிக்க வைத்தால், இடக்கை அமினோ அமிலங்களில் ஒரு பகுதி வலக்கையாகத் திரும்பிவிடும். நொதிகளால் உடைத்தால் பெரும்பாலும் இடக்கையாகவே இருக்கும். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து வீட்டில் செய்யும் மீன் அமிலத்தில் கொதிக்கவைக்கும் வேலையே இல்லை.