உண்பவரை எண்ணி விதைத்தல்

நுழையும்முன்

விதைப்பதும் விளைவிப்பதும் உழவரின் கையில் உள்ளன; விளைந்ததன் விலையோ அவர் கையில் இல்லை. விளைச்சல் பெருகினால் விலை வீழ்கிறது. விலை உயரும்போது விற்பதற்கு விளைச்சல் இருப்பதில்லை. இந்நிலையை மாற்ற, உண்போரும் உழவரும் விதைப்புக்கு முன்பே உடன்பாடு செய்துகொள்ளும் முறை உலகின் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. அம்முறையில் ஒரு பருவத்திற்கான காய்கறிச் சாகுபடி எவ்வாறு திட்டமிடப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

விதைக்கு முந்தைய வினா

தக்காளி நாற்றை நடும் உழவர், அறுவடை நாளில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதை அறியார். வரத்து மிகுந்த நாள்களில் ஒட்டன்சத்திரம் போன்ற பெரிய காய்கறிச் சந்தைகளில் கிடைக்கும் விலை, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டுப்படியாவதில்லை. பழுத்த தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடுவதும் சாலையோரத்தில் கொட்டுவதும் தமிழகம் பலமுறை கண்ட காட்சிகள். அதே காலத்தில் நகரத்து மக்கள் சில்லறைக் கடையில் கூடுதல் விலை கொடுத்தே வாங்குகின்றனர். விளைவித்தவருக்கும் உண்பவருக்கும் இடையே உள்ள தொலைவே இம்முரணுக்கு முதன்மைக் காரணம்.

இத்தொலைவைக் குறைக்கும் நோக்குடன் தமிழகத்தில் 1999ஆம் ஆண்டு உழவர் சந்தைகள் தொடங்கப்பட்டன. உழவர் இடைத்தரகரின்றித் தம் விளைபொருளைத் தாமே விற்க அவை வழிவகுத்தன. எனினும், விளைந்த பின்னர் விற்பதற்கான ஏற்பாடே உழவர் சந்தை. 'சமூக ஆதரவு வேளாண்மை' அதற்கு முந்தைய கட்டத்திலேயே தொடங்குகிறது. ஒரு பண்ணையைச் சுற்றியுள்ள குடும்பங்கள் உறுப்பினராகிப் பருவத் தொடக்கத்திலேயே தம் பங்குத்தொகையைச் செலுத்துகின்றன. பண்ணை அவர்களுக்கு வாரந்தோறும் காய்கறிப் பெட்டி வழங்குகிறது. எனவே, 'விளைந்ததை எங்கே விற்பது?' என்னும் வினா, 'யாருக்காக, எதை, எவ்வளவு விளைவிப்பது?' என்னும் வினாவாக மாறுகிறது.

தோற்றமும் பரவலும்

இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்று சப்பான் நாட்டில் அமைந்தது. அந்நாட்டின் மினமாட்டா பகுதியில் ஆலைக்கழிவின் பாதரசம் கலந்த மீனை உண்டோர் நோயுற்றது 1956ஆம் ஆண்டு வெளிப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளால் உணவின் தூய்மை குறித்த அச்சம் மக்களிடையே பரவியது. 1971ஆம் ஆண்டு சப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கம் தோன்றியது. நுகர்வோர், உழவரோடு நேரடியாகக் கைகோக்கும் முறை 'தெய்க்கெய்' எனப்பட்டது. கூட்டுறவு, இணைந்து செயலாற்றல் என்பன அச்சொல்லின் பொருளாகும். முன்கூட்டியே பேசித் திட்டமிட்டு விளைவித்தல், விளைந்ததை ஏற்றுக்கொள்ளல் ஆகியன 1978ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தெய்க்கெய் கொள்கைகள் பத்தனுள் இடம்பெற்றன.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1986ஆம் ஆண்டு மாசசூசெட்சு மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணையும், நியூ ஆம்ப்சயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையும் இம்முறையைத் தொடங்கின. முன்னதை வளர்த்தெடுத்தவர்களுள் ராபின் வான் என் என்னும் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். பிரான்சு நாட்டில் 2001ஆம் ஆண்டு தூலோன் நகருக்கு அருகிலுள்ள ஒல்லியூல் என்னும் ஊரில் இது காலூன்றியது.

தலைக்கணக்கே தலைக்கணக்கு

இம்முறையில் திட்டமிடல் நிலத்திலிருந்து தொடங்குவதில்லை, சமையலறையிலிருந்து தொடங்குகிறது. ஐம்பது குடும்பங்களை உறுப்பினராகக் கொண்ட ஒரு பண்ணையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறி உண்ண வேண்டும் என ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இது வாரத்திற்கு ஏறத்தாழ 11 கிலோ ஆகும். அதில் பாதிக்குச் சற்று மிகுதியாக 6 கிலோவைப் பண்ணை வழங்குவதாகக் கொண்டால், ஐம்பது குடும்பங்களுக்கு வாரம் 300 கிலோ தேவை. பருவம் 26 வாரம் எனில், மொத்தத் தேவை 7,800 கிலோ.

அடுத்து ஒவ்வொரு காய்க்கும் தனிக்கணக்கு இடவேண்டும். குடும்பத்திற்கு வாரம் ஒரு கிலோ வெண்டை எனப் பத்து வாரம் கொடுப்பதற்கு 500 கிலோ வேண்டும். ஏக்கருக்கு 4,000 கிலோ கிடைக்கும் எனக் குறைத்து மதிப்பிட்டாலும் பன்னிரண்டரை சென்ட் நிலம் போதும். பூச்சி, நோய், முளைக்காத விதை ஆகியவற்றை எண்ணி ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 15 சென்ட் ஆகிறது. இவ்வாறு பயிர்தோறும் கணக்கிட்டால் இப்பண்ணைக்கு ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் தேவைப்படும்.

எடையைப் போலவே பறிக்கும் இடைவெளியும் கணக்கில் சேரும். வெண்டையை ஒருநாள்விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். தவறினால் காய் முற்றி நாராகும். வாரத்தில் ஒரேநாள் பெட்டி வழங்கினால், மற்ற நாள்களில் பறித்தவை வாடிப்போகும். ஆகவே, குடும்பங்களை இரு பிரிவாக்கி, வாரத்தில் இருநாள் வழங்குவது பொருத்தமாகும்.

பின்னோக்கி எண்ணும் நாள்காட்டி

மாசசூசெட்சு போன்ற குளிர்நிலப் பகுதிகளில் பருவத்தை வகுப்பது உறைபனியாகும். அங்குக் குளிர்காலத்திலேயே திட்டம் தீட்டி, விதை வாங்கி, கண்ணாடிக் கூடத்தில் நாற்று வளர்த்து, உறைபனி நீங்கியபின் நடுகின்றனர். தமிழகத்தில் அவ்விடத்தை மழையும் வெயிலும் பெறுகின்றன. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி இம்மண்ணின் பருவத்திட்டத்தைச் சுருக்கிச் சொல்வதாகும்.

திட்டம் வகுப்போர் விதைக்கும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், முதற்பெட்டி வழங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகின்றனர். அக்டோபர் நடுவில் முதற்பெட்டி என்று கொள்வோம். தக்காளிக்கு நாற்றங்காலில் 25 நாளும், நடவுக்குப்பின் முதற்பறிப்பு வரை ஏறத்தாழ 65 நாளும் ஆகும். எனவே, சூலை நடுவில், ஆடி பிறக்கும்போது விதையிட வேண்டும். கத்தரிக்கும் ஏறத்தாழ அதே நாள். சின்ன வெங்காயத்தை ஆகத்து முதல் வாரத்தில் ஊன்றலாம். வெண்டையும் முள்ளங்கியும் 45 நாளில் பயன்தருவதால் ஆகத்து இறுதி வரை காத்திருக்கலாம். சிறுகீரைக்கு 25 நாளே போதும்; செப்டம்பர் மூன்றாம் வாரம் அதற்குரியது. ஒரே நாளில் பெட்டிக்கு வரும் காய்கள் வெவ்வேறு நாளில் விதைக்கப்பட்டவை என்பது இக்கணக்கால் விளங்கும்.

முதற்பெட்டியை நிரப்புவதோடு திட்டம் முடிவதில்லை. இருபத்தாறாம் பெட்டியையும் அது நிரப்ப வேண்டும். மொத்தக் கீரையையும் ஒரே நாளில் விதைத்தால் ஒரு வாரம் மிகுந்தும் மறுவாரம் இல்லாமலும் போகும். ஆதலால் கீரையை வாரந்தோறும், முள்ளங்கியை இரு வாரத்திற்கு ஒருமுறையும் சிறுசிறு பாத்திகளாக அடுத்தடுத்து விதைக்கின்றனர்.

இத்திட்டத்தில் மிகவும் இடர் நிறைந்த மாதம் நவம்பர். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது கீரை அழுகும், தக்காளி வெடிக்கும், முருங்கைப்பூ உதிரும். அவ்வாரங்களின் பெட்டியை மழை வருமுன்பே வளர்த்து வைத்திருக்க வேண்டும். ஆடியில் விதைத்த பரங்கி, ஆடியில் நட்ட சர்க்கரைவள்ளி, முன்பே ஊன்றிய சேனை, உலர்த்திப் பாதுகாத்த சின்ன வெங்காயம் ஆகியன அப்போது கைகொடுக்கும். மழையில் இழக்கும் தக்காளிக்கு ஈடாக, நவம்பரில் நிழற்கூரையின்கீழ் இரண்டாம் நாற்றங்கால் இட்டால், பிப்ரவரியில் பழம் பறிக்கலாம்.

மண்ணின் முறை

உண்போரின் விருப்பத்தை மட்டும் கேட்டு விதைத்தால் மண் தளர்ந்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே இடத்தில் இவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டாலும் வாடல் நோயும் வேர்முடிச்சு நூற்புழுவும் பெருகும். எனவே, நிலத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, இக்குடும்பப் பயிர்களை ஆண்டுக்கு ஒரு பகுதியாக இடம் மாற்றுகின்றனர். அவை நீங்கிய பகுதியில் அவரை, கொத்தவரை, தட்டைப்பயறு போன்றவற்றை விதைத்தால், அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன. ஒரு பருவத்தின் திட்டம் அடுத்த மூன்று ஆண்டுகளின் திட்டத்தோடு இணைந்திருப்பது இதனால்தான்.

> தெரிந்து தெளிவோம்
>
> வெண்டையைத் தாக்கும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை வெள்ளை ஈக்கள் பரப்புகின்றன. தாக்குண்ட செடியை மீட்க இயலாது. நோயைத் தாங்கும் விதையைத் தேர்ந்தெடுப்பதும், முதலில் நோயுறும் செடியைப் பிடுங்கி அழிப்பதும் சிறந்த வழிகள்.

பங்குத்தொகையும் பங்கிடும் இழப்பும்

பங்குத்தொகையைச் சந்தை விலை முடிவு செய்வதில்லை. பண்ணையின் செலவே முடிவு செய்கிறது. விதை, தொழுவுரம், ஆள்கூலி, பாசனக் குழாய்ப் பராமரிப்பு, பெட்டிகள், வண்டி வாடகை ஆகியவற்றோடு உழவர் குடும்பத்தின் உழைப்புக்கான ஊதியமும் செலவுப் பட்டியலில் எழுதப்பட வேண்டும். உழவர் தம் உழைப்புக்கு விலை வைக்காமல் விடுவது பொதுவாகக் காணப்படும் வழக்கம். அதனால், ஏட்டில் ஆதாயமாகத் தோன்றுவது உண்மையில் அவர் வாங்காத கூலியாகவே இருக்கும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் பருவச் செலவு 3,90,000 ரூபாய் எனக் கொண்டால், ஒரு குடும்பத்தின் பங்கு 7,800 ரூபாய். வாரத்திற்கு 300 ரூபாய். கிலோவுக்கு 50 ரூபாய்.

இம்முறையின் உயிர்நிலை இழப்பைப் பங்கிடுவதில் உள்ளது. தேமல் நோயால் வெண்டைப் பாத்தி முழுவதும் அழிந்ததாகக் கொள்வோம். 500 கிலோ வெண்டையின் மதிப்பு 25,000 ரூபாய். அவ்விழப்பைத் தனியே தாங்கும் உழவர் அடுத்த பருவத்து விதைக்குக் கடன் வாங்க நேரிடும். ஐம்பது குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் நேர்வது 500 ரூபாய் மதிப்புள்ள காய்கறிக் குறைவு மட்டுமே. ஒருவரை வீழ்த்தும் சுமை ஐம்பதின்மருக்குத் தாங்கக்கூடியதாகிறது. விளைச்சல் எதிர்பார்த்ததைவிடப் பெருகினால், அதன் பயனும் பெட்டியின் வழியே அவர்களையே சேரும்.

ஆனால், இழப்பைப் பகிரும் உரிமை, உண்மையை மறைக்காத கடமையோடு சேர்ந்தே வருகிறது. வரவு செலவு ஏட்டை உறுப்பினர் பார்க்க இயல வேண்டும். பயிர் நோயுற்றால் பெட்டி குறையும் முன்பே சொல்ல வேண்டும். உறுப்பினரும், ஒரு வாரம் பெட்டி இளைத்ததற்காக உடன்பாட்டை முறிக்காதிருக்க வேண்டும்.

நிறைவுறாத கணக்குகள்

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் ஆறு மாதத் தொகையை முன்கூட்டியே செலுத்த இயலாது. இதனால், நல்ல காய்கறி வசதி படைத்தோருக்கு மட்டும் உரியதாகிவிடும் வாய்ப்புள்ளது. தவணை முறை, வருவாய்க்கேற்ற பங்குத்தொகை, பணத்திற்கு ஈடாகப் பண்ணையில் சில மணிநேர உழைப்பு ஆகியவற்றைப் பல நாட்டுப் பண்ணைகள் கையாள்கின்றன. விரும்பிய காயை விரும்பிய நாளில் வாங்க இயலாமையும், மூன்று வாரம் தொடர்ந்து முள்ளங்கி வருவதும் உறுப்பினர் விலகக் காரணமாகின்றன. ஆகவே, பருவ இறுதியில் எது மிகுந்தது, எது போதவில்லை, எது சமைக்கப்படாமல் கிடந்தது என்று கேட்டு எழுதுவது அடுத்த திட்டத்தின் முதற்பக்கமாகிறது. விதைத்த நாள், பறித்த நாள், கிடைத்த எடை ஆகியவற்றின் பதிவேடும் அதனோடு சேரும்.

மழையை எந்தத் திட்டமும் கட்டுப்படுத்த இயலாது. எனினும், மழை பொய்த்த ஆண்டிலும் மிகுந்த ஆண்டிலும் உழவர் தனித்து நிற்க வேண்டியதில்லை என்பதை ஒரு திட்டத்தால் உறுதிசெய்ய இயலும். உண்பவரை எண்ணி விதைப்பவரும், விதைத்தவரை எண்ணி உண்பவரும் சேர்ந்தே அவ்வுறுதியை உருவாக்குகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் ஒரு வாரம் சமைக்கப்படும் காய்கறிகளின் பெயரையும் எடையையும் பட்டியலிட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரையோடு ஒப்பிடுக.
2. உங்கள் பகுதி உழவர் ஒருவரைச் சந்தித்து, ஆடிப்பட்டத்தில் பயிரிடும் காய்கறிகளையும் அவற்றின் அறுவடை நாள்களையும் கேட்டு எழுதுக.
3. தைப்பொங்கல் வாரத்தில் முதற்பெட்டி வழங்க வேண்டுமெனில், வெண்டை, கத்தரி, சிறுகீரை ஆகியவற்றை எந்நாளில் விதைக்க வேண்டும் எனக் கணக்கிடுக.
4. 'விளைச்சல் இழப்பை உண்போரும் பகிர்வது அறமே' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.