முள் சொல்லும் சேதி

சித்தூர், திருப்பதி பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ரயில் ஏறாதவர் யார்? சென்னைக்கு சப்தகிரி எக்ஸ்பிரஸ், காட்பாடிக்குப் பாகாலா வழி வண்டி என்று நமக்கும் ரயிலுக்கும் உறவு நெருக்கம். இந்தத் தடங்களில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். "வண்டியை ஓட்டறது பெரிசில்லப்பா, நிறுத்தறதுதான் வித்தை" என்பார் எனக்குத் தொழில் சொல்லித் தந்த மூத்த டிரைவர். அந்த வித்தை, கேபினில் உள்ள சில கேஜ்களைப் படிப்பதில் ஆரம்பிக்கிறது.

முதல் கேஜ், மெயின் ரிசர்வாயர். கம்ப்ரசர் அடைத்து வைக்கும் காற்றின் இருப்பு. சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 8 முதல் 10 கிலோ காட்டும். அடுத்தது ஃபீட் பைப், 6 கிலோ. மூன்றாவது பிரேக் பைப், 5 கிலோ. நம் வீட்டுக் காரின் டயரில் இருப்பதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல்! நான்காவது, பிரேக் சிலிண்டர். அது இன்ஜினின் பிரேக்கை மட்டும் காட்டும். பின்னால் வரும் பெட்டிகளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெட்டிகளுக்கு இடையே பச்சை வண்ணத்தில் தொங்குவது பிரேக் பைப், வெள்ளை வண்ணத்தில் இருப்பது ஃபீட் பைப்.

பிரேக் போடக் காற்றை அனுப்புகிறோம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு! பிரேக் பைப்பில் 5 கிலோ இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். டிரைவர் காற்றை வெளியே விட்டு முள்ளை சுமார் 3.5-க்கு இறக்கினால், பெட்டிகளில் ஏற்கனவே சேர்த்து வைத்த காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிரேக் முழுசாகப் பிடிக்கும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் செய்த முதல் காற்று பிரேக்கில் குழாய் அறுந்தால் பிரேக்கே கிடையாது. 1872-இல் அவர் முறையைத் திருப்பிப் போட்டார். அன்றுமுதல் குழாய் அறுந்தாலும், வண்டி ரெண்டாகப் பிரிந்தாலும் பிரேக் தானே பிடிக்கும். நீங்கள் சங்கிலியை இழுக்கும்போதும் இந்தக் காற்றுதான் வெளியேறுகிறது.

அப்படியானால் 5 கிலோ காட்டினால் போதுமா? போதாது. ஒவ்வொரு பெட்டியின் முனையிலும் ஆங்கிள் காக் என்ற அடைப்பு உண்டு. நடுவில் ஒன்று மூடியிருந்தாலும் இன்ஜினில் முள் 5-இல் ஒய்யாரமாக நிற்கும். அடைப்புக்குப் பின்னால் சிக்கிய காற்றால் கடைசிப் பெட்டியின் கேஜும் நல்ல அளவையே காட்டக்கூடும். ஆனால் டிரைவர் காற்றை இறக்கினால் பின்பெட்டிகளுக்குச் சேதி போகாது.

பாரிஸ் நகரின் கார் தெ லியோன் நிலையத்தில் 1988 ஜூன் 27 அன்று இதுதான் நடந்தது. வழியில் ஒரு பயணி அவசரக் கைப்பிடியை இழுத்தார். அதைச் சரிசெய்யும்போது ஒரு காக் தவறுதலாக மூடப்பட்டது. பின்பெட்டிகளில் பிடித்திருந்த பிரேக்கைக் கோளாறு என்று எண்ணிக் காற்றை வெளியேற்றி விட்டார்கள். நிலையத்துக்குள் வண்டி நிற்கவில்லை. 56 உயிர்கள் போயின.

அதனால்தான் இன்ஜின் மாற்றினாலோ பெட்டி சேர்த்தாலோ நாங்கள் ஒரு சோதனை செய்வோம். நான் காற்றை இறக்குவேன். கடைசிப் பெட்டியில் கார்டு தம் கேஜில் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு அவர் தம் வால்வைத் திறப்பார். என் முள் இறங்க வேண்டும். ஒருமுறை ராத்திரி நேரம், என் முள் அசையவில்லை. "சார், நான் தொறந்துட்டேனே!" என்றார் கார்டு வாக்கி டாக்கியில். என் அசிஸ்டென்ட் டார்ச்சோடு நடந்து போய்ப் பார்த்தார். புதிதாகச் சேர்த்த பெட்டியில் காக் மூடியிருந்தது. இருபது நிமிஷம் தாமதம். ஜன்னல் வழியே பயணிகள் எங்களைத் திட்டியது காதில் விழுந்தது. எனக்கோ கை நடுக்கம் நிற்கவில்லை.

முள் எங்கே நிற்கிறது என்பது பாதிச் சேதிதான். இந்த முனையில் அசைத்தால் அந்த முனையில் அசைகிறதா என்பதே முழுச் சேதி. 2022 முதல் கார்டுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர், வேலை அதேதான். அடுத்த முறை வண்டி கிளம்பத் தாமதமானால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு பேர் ரெண்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.