தம்புரா ஏன் எழும்பி வருகிறது?

காலைக் கச்சேரி ஒன்றைக் கொஞ்ச நேரம் மத்திய அலையிலும் கொஞ்ச நேரம் பண்பலையிலும் கேட்டுப் பாருங்கள். மத்திய அலையில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி குறையில்லாமல் விழும். பாடுபவரின் குரலும் புரியும். ஆனால் தம்புராவின் ரீங்காரம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கியிருக்கும். ஜால்ராவின் பளபளப்பு இருக்கவே இருக்காது. 'ஸரிகம' என்று பாடினால் அந்த 'ஸ' கூர்மை இழந்து வரும். பண்பலைக்குத் திருப்பியதும் போர்வையை விலக்கினாற்போல எல்லாம் துலங்கும்.

மத்திய அலையில் இந்த மங்கலுக்குக் காரணம் இட நெருக்கடி. தமிழ்நாட்டு நேயர்களுக்குப் பழகிய எண்களை நினைத்துப் பாருங்கள்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197. எல்லாம் ஒன்பதால் மீதமின்றி வகுபடும். நம் நாட்டில் மத்திய அலை வரிசையை 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் அலையின் இரு பக்கமும் ஒலி பரவியாக வேண்டும் என்பதால், பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்காமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4.5 கிலோஹெர்ட்ஸ்தான் கிடைக்கும். பேச்சின் உடம்பு அதற்குள் அடங்கிவிடும். 'ஸ' என்ற சீறலின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. ஜால்ராவின் மினுமினுப்பு இன்னும் மேலே. நிலையம் எவ்வளவு நல்ல ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்தாலும், பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் அந்த மேல் ஒலிகளை வெட்டித்தான் நமக்குத் தருகின்றன.

அடுத்தது கரகரப்பு. மத்திய அலையில் ஒலியின் ஏற்ற இறக்கம் அலையின் உயரத்தில் எழுதப்படுகிறது. மின்னல் வெட்டினாலும், மிக்ஸி ஓடினாலும், மட்டமான எல்.இ.டி. விளக்கு எரிந்தாலும் காற்றில் எழும் மின்இரைச்சலும் அந்த உயரத்தில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். எது பாட்டு, எது மின்னல் என்று பெட்டிக்குப் பிரிக்கத் தெரியாது. வீட்டுக்குள் இருந்து வரும் இரைச்சலா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். கரகரப்பு அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பெட்டியை மெல்லச் சுழற்றியும் பார்க்கலாம். மத்திய அலைக்கான ஏரியல் பெட்டிக்குள் ஒரு ஃபெரைட் கட்டையாகக் கிடக்கிறது, அதற்குத் திசை முக்கியம்.

இத்தனை குறை இருந்தும் மத்திய அலை போகும் தூரத்துக்குப் பண்பலை இணையில்லை. பகலில் தரையோடு ஊர்ந்து போகும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் இன்னும் எளிதாகப் போகும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் பட்டப்பகலில் உள்ளூர் நிலையம் போலக் கேட்டதில் இடையிலுள்ள கடலுக்கும் பங்குண்டு. இரவில் வானத்தின் அயனி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்புவதால் தொலைதூர நிலையங்களும் வந்து சேரும். அப்போது தரைவழி அலையும் வான்வழி அலையும் ஒன்றோடொன்று மோதி, குரல் ஏறி இறங்கி, சில நொடி நெளிந்து போகும். அது பெட்டியின் கோளாறு இல்லை.

பண்பலை இதற்கு வேறு வழி எடுத்தது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற முறை இது. அலையின் உயரத்தைத் தொடாமல் அதிர்வெண்ணை ஒலிக்கேற்ப அசைப்பது. இரைச்சல் உயரத்தில் ஒட்டினால் ஒட்டட்டும், பெட்டி அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் இதற்கு விலை உண்டு. ஒரு பண்பலை நிலையம் ஏறத்தாழ 200 கிலோஹெர்ட்ஸ் இடத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களைக் குடிவைக்கலாம். பதிலுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி கிடைக்கிறது. இந்தியாவில் இது முதலில் ஒலித்தது சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று.

இன்னொரு விலை, தூரம். பண்பலை ஏறக்குறைய கண்பார்வை போல நேர்கோட்டில் போகும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் என்றால் 40 கிலோமீட்டர் வரை நிச்சயம், அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கோடைப் பண்பலை 100.5இல் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் தேனியிலும் துல்லியமாகக் கேட்பதன் ரகசியம் கொடைக்கானல் மலைதான். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் 180 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது.

நிலையம் சரியாக எட்டாத இடத்தில் பண்பலை 'புஸ்' என்று சீறினால், பெட்டியில் 'மோனோ' பொத்தான் இருக்கிறதா பாருங்கள். ஸ்டீரியோவில் இடது வலது இரண்டின் கூட்டுத்தொகை கீழேயும், வித்தியாசம் 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி மேலேயும் அனுப்பப்படுகிறது. பண்பலையில் மேலே போகப் போக இரைச்சல் கூடும், ஆகவே அந்த வித்தியாசம்தான் சீறலைச் சுமந்து வருகிறது. மோனோவுக்கு மாற்றினால் பெட்டி அதைக் கைவிட்டுவிடும், சீறலும் பெரிதும் அடங்கிவிடும். ஏரியல் கம்பியை முக்கால் மீட்டருக்கு நீட்டுவதும் உதவும்; 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்கு அது.

இவ்வளவும் காற்றின் கதை. எனக்கு வருத்தம் தருவது அதற்கு முன்னால், நிலையத்துக்குள் நடப்பது.

பண்பலையில் எந்த நிலையமும் அதிர்வெண்ணை இரு பக்கமும் 75 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அசைக்கக் கூடாது. உரப்புக்கு இப்படி ஒரு கூரை இருப்பதால், கூரைக்குக் கீழே எல்லாவற்றையும் உயர்த்தித் திணிப்பதே சத்தமாகக் கேட்க ஒரே வழி. அந்த வேலையைச் செய்வது கம்ப்ரஸர். வால்யூம் குமிழில் கைவைத்து ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கூடினால் உடனே குறைப்பார், அடங்கினால் உடனே கூட்டுவார். அளவாகச் செய்தால் பேருந்திலும் அடுப்படியிலும் கேட்க நல்லதுதான். ஆனால் நிலையங்களைத் திருப்பிக்கொண்டே போகிறவர் சத்தமான இடத்தில் நிற்பார் என்று நம்பி, நிலையத்தார் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கிறார்கள். அப்போது கச்சேரியில் என்ன நடக்கிறது? பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்சு வாங்குகிறார். அந்த அரை நொடி அமைதியில் குமிழ்க்காரர் பதறிக் கூட்ட, பின்னாலிருந்த தம்புரா சட்டென்று முன்னால் எழும்பி வருகிறது. பாடத் தொடங்கியதும் மறுபடி அமுங்குகிறது. ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் பிறகு காது வேறெதையும் கேட்காது.

மூலப் பாட்டே தேய்ந்து வருவது இன்னொரு கேடு. இடத்தை மிச்சப்படுத்த எம்பி3யாகச் சுருக்கிய பாட்டை ஒலிபரப்பி, அதையே கைபேசிச் செயலிக்காக இன்னொருமுறை சுருக்கும்போது, ஜால்ரா தண்ணீருக்குள் குலுங்குவது போலாகிவிடும். சுருக்கத்தில் தொலைந்த ஒலியைக் காற்றோ பெட்டியோ திருப்பித் தர முடியாது.

உங்கள் நிலையம் எப்படி நடந்துகொள்கிறது என்று அறிய, கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருங்கள். வால்யூமைத் தொடாதீர்கள். தொடக்கத்தில் மிருதங்க வித்வான் விரல்நுனியால் மெல்லத் தட்டுகிற சொற்களுக்கும் கடைசிக் கோர்வை இறங்கும் வேகத்துக்கும் இடையே உங்கள் காதுக்கு எத்தனை தூரம் தெரிகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே உரப்பில் வந்தால், அது வித்வான் வாசித்தது இல்லை, குமிழ்க்காரர் வாசித்தது.