வயிரம் பற்றிய நம்பிக்கைகள்: ஊர்காண் காதையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் அமைந்த ஊர்காண் காதை, கோவலன் கண்ட மணிக்கடை வீதியை விரித்துரைக்கிறது. அங்கு வயிரத்திற்கு நான்கு குற்றங்களும் நான்கு வருணங்களும் சுட்டப்படுகின்றன. இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர் இருவகை இடர்ப்பாட்டை எதிர்கொள்கிறார். முழுவதையும் மூடநம்பிக்கை என ஒதுக்கினால் பழந்தமிழ் வணிகரின் நுண்ணறிவு மறைந்துபோகும். முழுவதையும் அறிவியல் எனப் போற்றினால் உண்மை பிறழும். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றக் கதைகள்

வடமொழியில் வச்சிரம் என்னும் சொல் இந்திரனின் படைக்கலத்தையும் வயிரத்தையும் ஒருசேரக் குறிக்கும். கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் மணிகளின் பிறப்புப் பற்றி மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கிறார். பலன் என்னும் அசுரனிடமிருந்து அவை தோன்றின என்பது ஒன்று. ததீசி முனிவரிடமிருந்து தோன்றின என்பது மற்றொன்று. நிலத்தின் இயல்பினாலேயே கற்கள் வேறுபடுகின்றன என்பது மூன்றாவது. புராணக் கதைகளோடு இயற்கை விளக்கமும் அக்காலத்திலேயே வழங்கியது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

நம்பிக்கையுள் பொதிந்த அறிவு

காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன காப்பியம் கூறும் நான்கு குற்றங்கள். காக்கையின் காலடி போன்று கிளைத்த கீறல், கறை, புள்ளி, கோடு என இவற்றைப் பொருள் கொள்ளலாம். அடியார்க்குநல்லார் உரையில் வயிரத்தின் குணங்கள் ஐந்தாகவும் குற்றங்கள் பன்னிரண்டாகவும் விரிகின்றன. எட்டுப் பலகையும் ஆறு கோணமும் குணங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. பட்டை தீட்டப்படாத வயிரப் படிகம் பெரும்பாலும் எண்முக வடிவினது. அதற்கு முகங்கள் எட்டு, முனைகள் ஆறு. எனவே, இது கற்பனையன்று. கூர்ந்து நோக்கியோர் கண்ட உண்மை.

காகபாதம் உள்ள வயிரம் அணிந்தவரைக் கொல்லும் என இரத்தின நூல்கள் அச்சுறுத்துகின்றன. உட்கீறல் உடைய கல் பட்டை தீட்டும்போது பிளந்துவிடக்கூடும். அதனால் உரியவர்க்குப் பேரிழப்பு நேரும். வணிகரின் இவ்வெச்சரிக்கையே காலப்போக்கில் அணிபவரின் ஊழாக மாறியிருத்தல் கூடும்.

ஆய்வில் நில்லாதவை

வயிரம் நீரில் மிதக்கும் என்பது பிருகத் சம்ஹிதையின் கூற்று. நீரைப்போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அடர்த்தி உடைய வயிரம் மிதப்பதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, வயிரம் சுத்தியலுக்கும் உடையாது, வெள்ளாட்டின் வெங்குருதியில் நனைத்தால் மட்டுமே உடையும் என எழுதினார். வயிரத்தின் வன்மை கீறலைத் தாங்கும் வன்மையே. எண்முகத்தின் பக்கங்களுக்கு இணையான நான்கு திசைகளில் ஓர் அடியிலேயே அது பிளவுபடும். இந்நம்பிக்கையைச் சோதித்தோர் நற்கற்களையே இழந்திருப்பர்.

வயிரத்தை உட்கொண்டு உயிர்நீத்தல் தமிழ்க் கதைகளிலும் திரைப்படங்களிலும் பயின்றுவரும் செய்தி. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினியும் வயிரப் பொடியால் தம்மைக் கொல்ல முயன்றதாகத் தன்வரலாற்றில் கூறுகிறார். ஆயின், வயிரம் கரிமத்தால் ஆனது, உடலில் எளிதில் வினைபுரியாதது, அது நஞ்சன்று.

சுரங்கம் சார்ந்த கதைகள்

பாம்புகள் காக்கும் பள்ளத்தாக்கில் இறைச்சித் துண்டுகளை எறிந்து, அவற்றில் ஒட்டிய வயிரங்களைக் கழுகுகளின் வாயிலாகப் பெறும் கதையை, 13ஆம் நூற்றாண்டில் ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளி நாட்டோடு இணைத்து மார்கோ போலோ கூறுகிறார். சிந்துபாத் கதையிலும் இது இடம்பெறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரேசிலில் வயிரம் கண்டறியப்படும்வரை உலகச் சந்தைக்கு இந்தியாவே முதன்மை ஊற்றாக விளங்கியது. போர்னியோத் தீவிலும் ஓரளவு கிடைத்தது. அத்தீவின் தென்பகுதியில் வயிரம் அரிக்கும் பஞ்சார் மக்கள், கல்லின் பெயரை நேராகச் சொல்லாது, இளமங்கையைக் குறிக்கும் 'காலு' என்னும் சொல்லால் சுட்டும் வழக்கம் உண்டு.

வருணமும் மகளிரும்

கல்லின் நிறத்தைக் கொண்டு நால்வகை வருணம் வகுத்ததே இப்பகுதியின் சிக்கலான கூறு. மஞ்சள் நிறம் பெரும்பாலும் நைட்ரசன் கலப்பாலும், நீலம் போரான் கலப்பாலும் அமைவன. கல்லுக்குப் பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை. மாந்தர் தம் சமூக அடுக்கைக் கல்லின்மேல் ஏற்றினர். மகப்பேறு வேண்டும் மகளிர் வயிரம் அணியலாகாது என்று சிலர் கூறுவதாக வராகமிகிரர் குறிப்பதும் இத்தகையதே. அவரே சில வடிவங்களுக்கு விலக்கும் அளிக்கிறார். வயிரம் எல்லார்க்கும் ஒத்துக்கொள்ளாது என்று இன்றும் தமிழர் இல்லங்களில் நிலவும் அச்சம் இம்மரபின் எச்சமெனலாம்.

முடிவுரை

இப்பகுதியைக் கற்பிக்குங்கால், ஒவ்வொரு கூற்றையும் கண்டறிந்த உண்மை, வணிக எச்சரிக்கை, சமூகக் கற்பிதம் என மூவகைப்படுத்த மாணவரைப் பழக்குதல் நலம். எட்டுப் பலகையைக் கண்டு வியக்கும் மாணவரே, நால்வகை வருணத்தைக் கண்டு வினவவும் வேண்டும். இரண்டும் ஒரே கல்லைப் பற்றியனவாயினும், முன்னது கல்லைக் காட்டுகிறது. பின்னது அதை நோக்கிய சமூகத்தைக் காட்டுகிறது.