துயருற்ற பிள்ளையும் பள்ளியும்

மாணவர்களே, பஞ்சம் என்னும் சொல்லை நீங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் எழுந்துள்ள நிலப்பரப்பு, ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1876-ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்தபோது அம்மாவட்டமும் பெருந்துன்பத்துக்கு ஆளாயிற்று. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என்று மதிப்பிடுவர். நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் விதித்த நாட்கூலி, ஏறக்குறைய 450 கிராம் தானியமும் சிறிது காசுமே. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அவ்வாறு கூலி பெற்றவர்கள் வெட்டியதுதான்.

வேலை செய்யக்கூடியவர்களுக்குக் கூலியாவது கிடைத்தது. தாய் தந்தையரை இழந்த சிறுவர்கள் எங்கே போவார்கள்? தெற்கே, அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து நாசரேத்தில், ஆர்தர் மர்காஷிஸ் என்னும் குருவானவர் 1876-இல்தான் பணியேற்றிருந்தார். ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அத்தியட்சரான ஆண்டு 1877. அக்காலத்தில் நாசரேத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைந்தது.

அவ்வாண்டுகளில் அப்பகுதியில் பல்லாயிரவர் திருச்சபையில் சேர்ந்தனர். வயிற்றுக்காகச் சேர்ந்தனரா, மனம் கனிந்து சேர்ந்தனரா என்ற ஐயம் அன்றே எழுந்தது. இன்றும் எழுப்புவோர் உண்டு. அந்த ஐயம் நியாயமானதே. பசித்தவனை எதற்கும் தலையசைக்கச் செய்துவிடலாம் அன்றோ? ஆகையால், துன்ப வேளையில் காட்டிய பரிவைக் கொண்டு மட்டும் ஒரு பள்ளியை எடைபோடலாகாது. மழை பெய்து, கஞ்சித்தொட்டிகள் மூடப்பட்ட பின்பு அங்கே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

நாசரேத்தில் நடந்தது இது: 1878-இல் அப்பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளி திறக்கப்பட்டது. மரவேலை, கொல்லுவேலை, தையல் முதலியவை கற்பிக்கப்பட்டன. சோறு போடுதல் ஓராண்டுத் தருமம். ஒரு சிறுவனின் கையில் இழைப்புளியைக் கொடுத்து, அவன் செய்த நாற்காலி ஆடாமல் நிற்கும்வரை உடன் நிற்பதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். துயருற்ற பிள்ளைக்கு அதில் வேறொரு நன்மையும் உண்டு. மணி அடித்தால் எழுவது, ஒரு வேலையை முடிப்பது, நாளைக்கும் ஒரு வேலை காத்திருப்பது என்னும் ஒழுங்கு, சிதறிய மனத்துக்குப் பிடிமானமாகிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்தவர்கள் இதனை அறிவார்கள். மர்காஷிஸ் அதனை எந்த நூலில் கற்றாரோ!

இனி, விசுவாசத்தின் பேரால் நாம் செய்யும் ஒரு தவறு. தந்தையை இழந்த மாணவனிடம், 'எல்லாம் ஆண்டவர் சித்தம், அழாதே' என்று உடனே சொல்லிவிடுகிறோம். யோவான் எழுதிய சுவிசேஷத்தில், நண்பனாகிய லாசருவின் கல்லறைக்கு வந்த இயேசு, அவனை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டதாகக் காண்கிறோம். குருவே அழுத இடத்தில் சீடப்பிள்ளை அழக்கூடாது என்பது என்ன சட்டம்? மேலும், வகுப்பில் பல சமயத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். துயரத்தில் இருப்பவனுக்குச் சமயம் போதிக்கும் வேளை அதுவன்று. அருகில் அமரும் வேளை.

இத்தொழிற்பேட்டைப் பள்ளிகளில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுள் ஒருவனுடைய வீட்டில் சாவு நேர்ந்தால், சொந்த ஊருக்குப் போய்த் திரும்பப் பல நாட்கள் ஆகும். அவன் மொழியில் ஆறுதல் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியாது. அதுவரை பெஞ்சியில் அவன் இடத்தை வேறொருவருக்குக் கொடாதிருங்கள். தவறிய பாடங்களை யாரேனும் ஒருவர் அவனுக்காக ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். திரும்பி வந்த முதல் நாள், மதிய உணவுக்கு அவனைத் தனியே விடாமல் இருவர் உடன் உட்காருங்கள். அவன் பேசாவிட்டால் நீங்களும் பேசவேண்டுவதில்லை.