மழையை எண்ணும் சில்லு

பச்சைமலையில் மழை கொட்டினால் மருதையாறு பெரம்பலூர் மாவட்டத்தைக் கடந்து அரியலூர்ப் பக்கம் பெருகி வரும். 1956 நவம்பர் 23 அதிகாலையில் அவ்வெள்ளம் அரியலூர் அருகே ரயில் பாலத்தைச் சிதைத்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மலையில் பெய்யும் மழையின் அளவைப் பாலத்துக்கு உடனுக்குடன் தெரிவிக்க முடியுமா? முடியும். அதற்கான சிறு மாதிரியை நீங்களே செய்து பார்க்கலாம்.

மழைமானிக்குள் சீசாப் பலகை போல ஓர் இரட்டைக் கிண்ணம் உண்டு. 0.2 மி.மீ. மழைக்கு ஒருமுறை அது கவிழும். கவிழும்போது அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைக் கணநேரம் மூடும். அந்தத் துடிப்பை மைக்ரோகன்ட்ரோலர் எண்ண வேண்டும். மணிக்கு 90 மி.மீ. மழை என்றால் 450 துடிப்புகள். அதாவது 8 நொடிக்கு ஒன்று. இது பெரிய வேலையா என்பீர்கள்.

ஆனால் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. ஆற்றின் மட்டத்தை அளக்க வேண்டும், செல்பேசி வழியே செய்தி அனுப்ப வேண்டும், மறுபடி அளக்க வேண்டும். இதுவே முதன்மைச் சுற்று. செய்தி அனுப்ப 4 நொடி ஆகிறது என்று கொள்வோம். அந்நேரத்தில் கிண்ணம் கவிழ்ந்தால் யார் பார்ப்பது? மழை வலுத்தால் செய்திகளும் அதிகமாகும். ஆகவே சரியாக எண்ண வேண்டிய வேளையில்தான் கணக்குக் குறையும்!

இங்கே கைகொடுப்பது குறுக்கீடு. வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்துகிறார். பியூன் சுற்றறிக்கையோடு வருகிறார். ஆசிரியர் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடர்கிறார். சில்லும் அப்படியே. துடிப்பு வந்ததும் கைவேலையை நிறுத்தி, எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிட்டுத் திரும்பும். கையெழுத்துக்கு மேல் பியூனோடு ஊர்க்கதை பேசலாகாது என்பது முக்கியம்.

நேரத்தைக் கவனிப்பது டைமர். ஏடிமெகா328 சில்லின் கடிகாரம் அர்டுயினோ ஊனோ பலகையில் நொடிக்கு 1.6 கோடி முறை துடிக்கிறது. அதை 256-ஆல் வகுத்தால் 62,500. அத்தனை எண்ணியதும் டைமர் ஒரு குறுக்கீடு தரும். ஒரு நொடி ஆயிற்று.

ஒரு பொறியும் உண்டு. இது 8 பிட் சில்லு. 255-க்கு மேற்பட்ட எண்ணை இரண்டு பைட்டுகளில் வைக்கும். எண்ணிக்கை 255-இல் இருக்கையில் முதன்மைச் சுற்று கீழ்ப்பைட்டைப் படிக்கிறது: 255. அக்கணம் கிண்ணம் கவிழ்ந்து எண்ணிக்கை 256 ஆகிறது. மேல்பைட்டு 0-விலிருந்து 1 ஆகிவிட்டது. அதன் மதிப்பு 256. இரண்டையும் சேர்த்தால் 511! 51 மி.மீ. மழை 102 ஆகி, வீணாக ஒரு ரயில் நிற்கும். ஆகவே எண்ணைப் படிக்கும் அந்த நுண்ணிய நேரத்துக்கு மட்டும் குறுக்கீட்டைத் தடுத்து வைப்பார்கள். அப்போது வரும் துடிப்பைச் சில்லு குறித்து வைத்துக்கொண்டு பிறகு கவனிக்கும்.

இன்னொன்று: சுவிட்சு மூடும்போது சற்றே துள்ளும், ஒரு கவிழ்ப்பு மூன்றாகத் தோன்றலாம். டைமரைக் கொண்டு இதை எப்படித் தடுப்பீர்கள்?